பதிலியாகவே வாழ்ந்த புதர்

பேக்கரியில் வாங்கிய கிரீம் பன்னின் தலையில் இருந்த செர்ரியை ஒருநாள் தின்னாமல் எடுத்து வைத்தேன். வெந்நீரில் போட்டுப் பாகைக் கரைத்துவிட்டுக் கத்தி நுனியால் பிளந்தேன். செர்ரிக்குக் கொட்டை ஒன்றுதான். கோலிக்குண்டு போல உருண்டு கெட்டியாக இருக்கும். இதிலோ பழத்தின் நீளவாக்கில் ஒரு கீறல். உள்ளே சுரண்டி எடுத்த பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில், கொட்டை எடுத்த கை தவறவிட்ட தட்டையான சின்ன விதை ஒன்று பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த விதையை எனக்குத் தெரியும். கிணற்றுமேட்டு வேலியில் பறித்துத் தின்றுவிட்டுத் துப்பிய விதை. களாக்காய்!

நம் ஊர் பேக்கரிகளில் செர்ரி என்று விற்பதில் பெரும்பகுதி களாக்காய்தான். பாக்கெட்டாக வாங்கினால் முன்பக்கம் செர்ரிப் படம் இருக்கும். பின்பக்கப் பொருட்பட்டியலில், கண்ணைச் சுருக்கிப் படிக்கும் எழுத்தில், ‘கரோண்டா’ என்று இருக்கும். களாவின் இந்திப் பெயர் அது.

இது ஏமாற்றா, சிக்கனமா என்ற கேள்வி பிறகு. அந்த விதையைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது வேறு. களா நெடுங்காலமாக இன்னொன்றின் இடத்தில் நின்றே வாழ்ந்திருக்கிறது. பொன்முடி இல்லாதபோது தலையில் சூடும் கண்ணியாக, கல் மதில் இல்லாதபோது வேலியாக, புளி இல்லாதபோது புளிப்பாக, செர்ரி இல்லாதபோது செர்ரியாக. இலக்கியம், வரலாறு, சமையல், மருந்து, வேளாண்மை என ஐந்து பக்கமிருந்தும் இந்தப் புதரைப் பார்த்து, அதன் சொந்த மதிப்பு எதுவென்று தேடுவதே இக்கட்டுரை.

செடியும் பெயரும்

களா, அரளியும் நித்தியகல்யாணியும் சேர்ந்த குடும்பத்துச் செடி. எங்கே கிள்ளினாலும் பால் வரும். ஆளுயரத்துக்கு மேல், 2 முதல் 4 மீட்டர் வரை, அடர்ந்து கிளைத்து வளரும். இலைகள் எதிரெதிராக, பளபளப்பாக, முட்டை வடிவில் இருக்கும். கணுவில் இரட்டை இரட்டையாக முள். சில முட்கள் நுனியில் கவட்டைபோல் பிரியும். விரல் நீளத்துக்கு நீளும் முள்ளும் உண்டு. பூ வெள்ளை, மல்லிகை இனமோ என்று மயங்கும்படி ஐந்து இதழும் ஒருபக்கமாகத் திருகி, மணத்தோடு கொத்தாகப் பூக்கும். காய் பச்சையில் தொடங்கி, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மாறி, சிவந்து, கடைசியில் கருநீலமாகக் கனியும். ஒரே கொத்தில் இந்த நிறங்கள் எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கலாம்.

தாவரவியல் பெயர் கரிசா கராண்டாஸ். லின்னேயஸ் 1767இல் வைத்தது. ‘கராண்டாஸ்’ என்ற சொல் அவர் கண்டுபிடித்ததல்ல. அவருக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே, 1563இல் கோவாவில் அச்சான தன் உரையாடல் நூலில், போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்தா ஏலக்காயையும் ‘கராண்டாஸ்’ காயையும் சேர்த்து ஓர் இயலே எழுதியிருக்கிறார். மேலை நாட்டுச் சந்தையை ஆட்டிப்படைத்த ஏலத்தின் பக்கத்தில் கொல்லைப்புறக் களாவும் இடம்பிடித்தது அந்த ஒரு முறைதானோ என்னவோ.

நம்மிடம் களா, கிளா, களாக்காய், கிளாக்காய் என்று ஊருக்கு ஒரு வழக்கு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கிளாக்காய். தெலுங்கில் வாக்காய, மராத்தியில் கர்வந்த, வங்காளத்தில் கரம்சா. வடமொழியில் கரமர்த.

ஆனால் ‘களா’ என்று நாம் சொல்வது ஒரே செடி அல்ல. தோட்டத்திலும் வேலியிலும் வளரும் பெரிய காய்க்காரி பெருங்களா. சோழமண்டலக் கரையோரத்து வறண்ட காடுகளிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில்காடுகளிலும் புதராக மண்டிக் கிடப்பது சிறுகளா. தாவரவியலில் கரிசா ஸ்பைனேரம். காய் சிறியது, சுவை கூடுதல். ஆப்பிரிக்காவில் தொடங்கி அரேபியா, இந்தியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவிய இனம் இது. மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டு வகைக்கு ‘கரிசா கான்ஜெஸ்டா’ என்று தனிப்பெயர் தந்தவர், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட். இன்று அதைப் பெருங்களாவோடு சேர்த்தே பலரும் எண்ணுகிறார்கள். களாவைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளைப் படிக்கும்போது இந்தக் குழப்பத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பெருங்களாவைச் சொல்லியிருப்பார். இன்னொருவர் அதைச் சிறுகளாவுக்கு ஏற்றியிருப்பார்.

கண்ணியும் யாழும்

சங்க இலக்கியத்தில் களாவுக்குக் கிடைத்த இடம் அந்தச் சின்னக் காய்க்குச் சற்றுப் பெரியதுதான். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து முழுவதும் ஓர் அரசனைப் பற்றியது. அவன் பெயரிலேயே களா இருக்கிறது: களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல். பாடியவர் காப்பியாற்றுக் காப்பியனார். பாட்டுக்குப் பரிசாக 40 நூறாயிரம் பொன்னும் ஆட்சியில் ஒரு பகுதியும் கிடைத்ததாகப் பதிகம் சொல்கிறது.

சேரருக்குரிய கண்ணி போந்தை, அதாவது பனை. முடி பொன்முடி. இவன் தலையில் ஏன் களங்காயும் நாரும்? முடிசூடும் வேளையில் உரிய கண்ணியும் முடியும் கைக்கு வராததால், களங்காயைக் கோத்துக் கண்ணியாகவும் நாரைக் கட்டி முடியாகவும் சூட்டிக்கொண்டான் என்பது பழைய உரைவழி வரும் விளக்கம். அகநானூற்றின் 199ஆம் பாட்டில் கல்லாடனார் இந்தச் சேரலைப் பற்றிப் பேசுகிறார். வாகைப் பெருந்துறைப் போரில் பகைவன் நன்னன் பட்டதும், இழந்த நாட்டை இவன் மீட்டதும் அங்கே குறிப்பாக வருகின்றன. நாடு திரும்பியது. பொன்முடியும் வந்திருக்கும். ஆனால் பெயரில் நின்றது, முடி இல்லாத நாளில் தலையில் ஏறிய களங்காய்தான். பதிலியாக வந்ததே பட்டப்பெயரானது.

இன்னோரிடத்தில் களா உவமையாகிறது. புறநானூறு 127இல் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடுகிறார். 145இல் பரணர் பேகனைப் பாடுகிறார். இரண்டிலும் பாணர் கையிலுள்ள சிறிய யாழின் கரிய தண்டுக்கு ஒரே உவமை: களாவின் கனி. நாவல்பழமும் கருப்புதான், காக்கையும் கருப்புதான். நன்கு கனிந்த களாவின் கருமை வேறு. வெறும் கறுப்பாக இருக்காது. எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கும், வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளிருந்து ஒரு சிவப்பு எட்டிப்பார்க்கும். பல காலம் கைபட்டு மெருகேறிய மரத்தின் நிறம் அது. ஆய் பொதியில் மலைக்காரன், பேகனும் மலைநாட்டான். அந்த வழிகளில் நடந்த பாணன் களாவைத் தின்றுதான் நடந்திருப்பான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஊர்ப்பெயரிலும் களா உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக் களக்காட்டுக்குக் ‘களா நிறைந்த காடு’ என்று பொருள் சொல்வார்கள். இன்று அந்தப் பெயர் புலிகள் காப்பகத்தின் பெயராக அறியப்படுகிறது. புதர் பின்னால் போய்விட்டது.

முள்: வேலியாக நின்ற வரலாறு

களாவை மனிதர் நட்டு வளர்த்ததற்கு முதல் காரணம் கனியல்ல, முள். இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாக நட்டு, வளர வளரக் கத்தரித்துவிட்டால், மூன்று நான்கு ஆண்டில் ஆடும் மாடும் நுழையாத உயிர்வேலி. கொங்குநாட்டில் கிளுவை, மற்ற இடங்களில் கள்ளி, காரை, களா என்று அந்தந்த மண்ணுக்கு ஏற்ற வேலி இருந்தது. களாவின் சிறப்பு, இலையை ஆடு கடித்தாலும் முள்ளைத் தாண்டி வேலியைத் திறந்துவிட முடியாது. கத்தரிக்கக் கத்தரிக்க அடர்த்தி கூடும். வேலிக்குள் கீரிக்குப் புகலிடம், சின்னான் குருவிக்குக் கூடு, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்குத் தீனி.

இந்த முள்ளின் வலுவை ஓர் அரசே தன் கருவூலத்துக்குக் காவலாக வைத்த கதை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசு உப்புவரியைக் காப்பாற்ற வட இந்தியாவைக் குறுக்கே வெட்டி ஒரு சுங்க எல்லைக் கோடு போட்டது. மேற்கிலிருந்து வரி கட்டாத உப்பு கிழக்கே போகக்கூடாது. சிந்து நதிப் பக்கத்திலிருந்து ஒரிசாவின் மகாநதிப் பக்கம் வரை, 1869 வாக்கில் அதன் நீளம் 2,300 மைலுக்கு மேல். காவலுக்கு ஏறக்குறைய 12,000 பேர். அத்தனை தூரத்துக்கு மதில் எழுப்பக் கல்லும் இல்லை, காசும் இல்லை. முதலில் காய்ந்த முள்ளை வெட்டிப் போட்டார்கள். கரையான் தின்றது, தீப்பிடித்தது, காற்று அடித்துப் போனது. 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்க ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், காய்ந்த முள்ளை விட்டு உயிருள்ள முள்ளுக்கு மாறினார். அந்தந்த மண்ணில் எது வரும் என்று பார்த்து நட்டார்கள். இலந்தை, கருவேலம், சப்பாத்திக்கள்ளி, பிற கள்ளி வகைகள், அவற்றோடு களா.

ஏழை வீட்டுக் கஞ்சிக்குப் போகும் உப்பை மறித்து நின்ற சுவரில் களாவும் ஒரு செங்கல். உப்பில்லாமல் ஊறாத காய்தான் உப்பை மறித்தது! 1879இல் அந்தச் சுங்கக்கோடு கைவிடப்பட்டது. ஆறே ஆண்டில், 1885இல், அதே ஹியூம் இந்திய தேசிய காங்கிரசைத் தொடங்கியவர்களில் ஒருவராக நின்றார். வேலி மட்டும் இருந்த இடம் தெரியாமல் போனது. ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் பல ஆண்டுகள் தேடி அலைந்து 2001இல் புத்தகமாக எழுதும்வரை, அப்படியொரு வேலி இருந்ததே பலருக்குத் தெரியாது.

அந்த வேலியைக் கைவிட்டது அரசின் முடிவு. நம் கொல்லை வேலிகளைக் கைவிடவைத்தது கம்பி. முள்கம்பி ஒரே நாளில் கட்டி முடியும், நிழல் விழாது, பாதி அடி நிலத்தையும் தின்னாது, கத்தரிக்க ஆள் வேண்டாம். கணக்குப் போட்டால் கம்பிதான் லாபம். உயிர்வேலி தந்த காய், கூடு, புகலிடம் ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை.

புளிப்பு: அடுப்படியில் களா

பழுத்த களாவை அப்படியே தின்னலாம். இனிப்பும் புளிப்பும் ஒரு சிறு துவர்ப்பும். உதட்டில் பால் பிசுபிசுக்கும். ஆனால் சமையலுக்கு வேண்டியது பழமல்ல, முற்றிய காய். அதன் புளிப்புக்காகவே நாடெங்கும் ஒவ்வோர் ஊரும் ஒரு வழி கண்டிருக்கிறது. ஆந்திரத்தில் வாக்காயை நசுக்கிப் பருப்பில் போடுவார்கள். வாக்காயப் புளிஹோராவும் உண்டு. ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் பச்சைமிளகாயோடு சேர்த்துப் பொரியலாக வதக்குவார்கள். வங்காளத்தில் வெல்லம் போட்டுச் சட்னி. அங்கே மழை நிற்கப் பிள்ளைகள் பாடும் பாட்டிலும் கரம்சா வருகிறது. மராட்டியத்தில் மலைப்பக்கத்துப் பெண்கள் இலைத்தொன்னையில் குவித்து விற்கும் கர்வந்தத்துக்கு ‘மலையின் கருப்பு மைனா’ என்று செல்லப்பெயர். கொங்கணப் பிள்ளைகளுக்கு அதை வைத்து ஒரு விளையாட்டும் உண்டு. பழத்தைக் கடிக்கும் முன் சேவலா கோழியா என்று கேட்பார்கள். உள்ளே சிவந்திருந்தால் சேவல், வெளுத்திருந்தால் கோழி.

நம் வீடுகளில் களாவின் இடம் ஊறுகாய் ஜாடி. ஆனி ஆடியில் காய் வரும். செய்முறை எளிது, வேலைதான் அதிகம். முதலில் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். மறந்தால் பால் விரலில் ஒட்டிக் கருத்து, சோப்புக்கும் போகாது. ஒவ்வொரு காயாக நீளவாக்கில் கீறி, விதையை நெம்பி எடுத்து, உப்புத் தண்ணீரில் போட வேண்டும். கீறியதும் வெள்ளைப் பால் துளிர்க்கும்; தண்ணீர் சற்று நேரத்தில் மோர்போல் கலங்கும். அதை வடித்துவிட்டு, துடைத்துக் காயவைத்து, உப்பும் மஞ்சளும் போட்டுப் பீங்கான் ஜாடியில் வேடுகட்டி வைத்தால், இரண்டு மூன்று நாளில் காயிலிருந்து தானாகச் சாறு விட்டிருக்கும். ரோஜா நிறத்தில் இருக்கும் அந்தச் சாறுதான் களா ஊறுகாயின் அழகு. பிறகு மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம், கடுகு தாளித்த நல்லெண்ணெய். மாங்காய்போல் குழையாது, நெல்லிக்காய்போல் கசக்காது. ஒரு வாரம் கழித்தும் பல்லில் நறுக்கென்று நிற்கும்.

இந்த நறுக்குக்குக் காரணம் காயிலுள்ள பெக்டின். ஜாமும் ஜெல்லியும் இறுகுவதும் அதனால்தான். முக்கால் பழுத்த களாவில் ஜெல்லி வைத்தால் வெளியிலிருந்து எதையும் சேர்க்க வேண்டியதில்லை. பால் பயமும் வேண்டாம். கொதிக்கும்போது பசைபோல் திரளும். ஆறியதும் சாறு தெளிந்து மாணிக்கம்போல் நிற்கும். சர்பத்துக்கு அந்தச் சாறே போதும்.

உணவைத் தாண்டியும் களா உழைத்திருக்கிறது. புளிப்பும் துவர்ப்பும் உள்ள காய் தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் துணையானது. வெளிர்மஞ்சளான கெட்டி மரத்தில் கரண்டியும் சீப்பும் செதுக்கினார்கள். மிச்சம் அடுப்புக்கு.

செர்ரி ஆன கதை

இனி அந்தக் கிரீம் பன்னுக்கு வருவோம். செர்ரி குளிர்நாட்டுப் பழம். இந்தியாவில் காஷ்மீர், இமாசலம் போன்ற இடங்களில்தான் விளையும். பருவம் குறுகியது, விலை அதிகம், தொட்டால் கன்றும். நாட்டிலுள்ள பேக்கரிகளுக்கெல்லாம் ஆண்டு முழுக்க அது எட்டாது. களாக்காயோ அதே அளவு, அதே உருவம். சதை கெட்டி. பாகில் எத்தனை நாள் ஊறினாலும் சுருங்காது.

பக்குவம் இதுதான். முற்றியும் பழுக்காத காயைக் கீறி விதை எடுக்கிறார்கள். கந்தக உப்பு கலந்த கரைசலில் போட்டு நிறத்தை வெளுக்கவைத்து, சுண்ணாம்புச் சத்தால் சதையை இறுக்குகிறார்கள். கழுவி, சிவப்பு நிறமி ஏற்றி, நாளுக்கு நாள் கெட்டியாகும் சர்க்கரைப் பாகில் ஊறவிடுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது வடிவமும் நறுக்கும் சர்க்கரையும். புளிப்பு கழுவலோடு போய்விடுகிறது. தானாகவே கருஞ்சிவப்பாகக் கனியக்கூடிய ஒரு பழத்தை வெளுத்து, அதன்மேல் வேறு சிவப்பைப் பூசுகிறோம்.

பூசும் நிறமி பெரும்பாலும் எரித்ரோசின். புளித்த பொருளில் கரையாமல் படிந்துவிடும் தன்மை அதற்கு உண்டு. அதனால்தான் கேக்குக்குள் வைத்த செர்ரியின் சிவப்பு சுற்றியுள்ள மாவில் கசிவதில்லை. இந்தியாவில் இது அளவுக் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கப்பட்ட நிறமி. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் உணவில் இதன் அனுமதியைத் திரும்பப் பெற்று, உற்பத்தியாளர்கள் மாறிக்கொள்ள 2027 ஜனவரி வரை அவகாசம் தந்தது. எலிகளில் அதிக அளவு கொடுத்தபோது கண்ட புற்றுநோயே அதற்குச் சட்டக் காரணம். மனிதரிடம் அதே விளைவு காணப்பட்டதாக அந்த நிர்வாகம் சொல்லவில்லை. ஆக, பன்னில் ஒரு செர்ரி தின்ற குழந்தையைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் குறை சொல்ல வேண்டுமென்றால் நிறமியைச் சொல்லுங்கள், களாவைச் சொல்லாதீர்கள். ‘போலி செர்ரி’ என்று வரும் காணொளிகளில் திட்டு வாங்குவது களாக்காய். வேடம் போட்டுவிட்டவரை விட்டுவிட்டு வேடம் சுமந்தவரை அடிப்பது அது.

பால், வேர், மருந்து

களாவைப் பற்றி அதிகம் எழுதப்படுவதும் குறைவாகச் சலிக்கப்படுவதும் மருத்துவம்தான். சித்த மருத்துவத்தில் காயும் கனியும் பசியைத் தூண்டவும், பித்தம், தாகம் தணிக்கவும் சொல்லப்படுகின்றன. பூவை நல்லெண்ணெயில் ஊறவைத்துக் கண்ணுக்குத் துளியிடுவதும், மகப்பேற்றுக்குப்பின் கருப்பைக் கழிவு நீங்க வேர்ப்பொடி தருவதும் மூலிகை நூல்களில் வரும். ஆயுர்வேதத்தில் சுசுருதர் இதை முள்செடிகள் ஐந்தின் வேர்த்தொகுதியில் சேர்த்தார்.

சரகர் சேர்த்த இடம் இன்னும் சுவையானது. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் பத்துப் பத்தாகப் பிரித்த மருந்துக் குழுக்கள் 50 உண்டு. அவற்றுள் ‘ஹ்ருத்ய’ என்ற குழுவில் கரமர்தம் இருக்கிறது. ‘இதயத்துக்கு நல்லது’ என்று இதை மொழிபெயர்த்து, களா இதயநோய்க்கு மருந்து என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பத்தின் மற்ற பெயர்களைப் பாருங்கள்: மாங்காய், கோகம், இலந்தையில் இரண்டு வகை, மாதுளை, கொம்மட்டி மாதுளை. எல்லாம் புளிப்புக் கனிகள். ‘ஹ்ருத்ய’ என்பதற்கு மனதுக்கு உகந்தது, சுவைக்கு இனியது என்றும் பொருள் உண்டு. நாக்கில் எச்சில் ஊறவைத்து, வெறுப்பில்லாமல் உண்ணவைக்கும் பொருட்களின் பட்டியலாகவே எனக்கு அது படுகிறது. ஊறுகாய்ஜாடி வைத்திருந்த எந்தப் பாட்டியும் ஒப்புக்கொள்ளும் பட்டியல்.

அடுத்தது இரும்புச்சத்து. ‘100 கிராம் களாவில் 39 மில்லிகிராம் இரும்பு, ரத்தசோகைக்குக் கைகண்ட மருந்து’ என்று வாட்ஸ்அப் வரை பரவியிருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 39.1 என்ற எண் இருப்பது உண்மை. ஆனால் அது உலர்த்திய களாவுக்கானது. புதிய காயில் நூற்றுக்கு 91 பங்கு தண்ணீர். உலர்ந்ததில் 18 பங்குதான். அதாவது உலர்த்தும்போது சத்து ஒன்பது மடங்கு செறிகிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால் புதிய காயில் 4 மில்லிகிராம் சுற்றி வரும். அதுவும் மோசமில்லை, வைட்டமின் சி கூடவே இருப்பது இரும்பு உடலில் சேர உதவும். ஆனால் 100 கிராம் களாவை ஒரே வேளையில் தின்று முடித்தவரை நான் பார்த்ததில்லை. ஊறுகாயாக இரண்டு துண்டு தின்பவருக்கு உள்ளே போவது இரும்பைவிட உப்பே அதிகம்.

மூன்றாவது, ஆய்வுக்கூடம். இலையிலும் காயிலும் உர்சாலிக் அமிலம், லூப்பியால், வேரில் கரிசோன். சர்க்கரை, காய்ச்சல், வீக்கம், ஈரல் பாதிப்பு என்று பலவற்றுக்கும் களாச் சாற்றைச் சோதித்திருக்கிறார்கள். பெரும்பாலும் எலிகளிலும் கண்ணாடிக் குப்பிகளிலும். எலிக்குக் கொடுத்த சாற்றின் செறிவு வேறு. நாம் தின்னும் காயின் அளவு வேறு. இன்று நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: காயும் கனியும் நல்ல உணவு. மருந்து என்று சொல்ல மனிதர்களில் இன்னும் சோதிக்க வேண்டும்.

வேர் விஷயத்தில் எச்சரிக்கையே வேண்டும். அரளியின் உறவு என்று முதலிலேயே சொன்னேன். இதயத் துடிப்பைத் தொடும் கிளைக்கோசைடுகள் களாவின் வேரிலும் கண்டறியப்பட்டுள்ளன. தேர்ந்த மருத்துவர் அளந்து கொடுப்பது ஒன்று. காணொளி பார்த்து வேரை இடித்துக் குடிப்பது வேறொன்று. பூ ஊறிய எண்ணெயைக் கண்ணில் விடுவதும் அப்படியே. கண்ணில் படலம் தெரிந்தால் போக வேண்டிய இடம் கண் மருத்துவமனை.

ஏன் தோட்டத்துக்கு வரவில்லை?

இவ்வளவு பயனுள்ள செடி என்றால் ஏக்கர் ஏக்கராக ஏன் நடவில்லை? விவசாயியிடம் கேட்டால் முதல் பதில் கையைக் காட்டுவார். பறிக்கும் கூலி. ஒரு புதரில் 3 முதல் 5 கிலோ காய் வரும். ஒவ்வொரு காயும் முள்ளுக்கு நடுவில். பறிப்பவர் முழங்கை வரை கீறலோடு திரும்புவார். இரண்டாவது, பழுத்ததும் இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது. மூன்றாவது, ஒரே கொத்தில் காய் பல பருவத்தில் நிற்பதால் ஒரே பறிப்பில் முடியாது. நான்காவது, விதையில் வளர்த்தால் தாயைப் போல் பிள்ளை வராது. ஒன்று இனிக்கும், ஒன்று பல்லைக் கூசவைக்கும்.

நான்காவதற்கு விடை கிடைத்திருக்கிறது. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா என்ற தேர்வுகளைத் தந்தது. தாபோலியிலுள்ள கொங்கண் வேளாண் பல்கலைக்கழகம் பெரிய காய்க்காகக் கொங்கண் போல்டைத் தந்தது. ஜோத்பூர் வறண்ட நில ஆய்வு நிறுவனத்தின் ரகம் மரு கௌரவ். பதியத்திலோ முற்றிய தண்டிலோ இவற்றைப் பெருக்கினால் குணம் மாறாது. விதைதான் வேண்டுமென்றால் பழத்திலிருந்து எடுத்த சூட்டோடு போட வேண்டும். நாள்பட வைத்தால் முளைக்காது.

மண்ணைப் பற்றிக் களா பிகு செய்வதில்லை. சரளை, செம்மண், பாறையிடுக்கு எதுவும் சரி. தண்ணீர் தேங்கும் களிமண் மட்டும் ஆகாது. வேர்பிடித்த பிறகு வானம் பார்த்தே நிற்கும். விதைச்செடி மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கும். மழை பொய்க்கும் மாவட்டங்களுக்கு இதைவிடப் பொறுமையான செடி கிடைப்பது அரிது. ஆனால் அந்த நிலங்களை நாம் ‘தரிசு’, ‘புறம்போக்கு’ என்று எழுதிவைத்தோம். களாவும் காரையும் சூரையும் நின்ற புதர்க்காடு கணக்கேட்டில் வெறும் நிலமானது. வெறும் நிலம் என்றால் நிரப்பத்தானே வேண்டும்? சில இடங்களில் தைலமரம் வந்தது. சில இடங்களில் சீமைக்கருவேலம் தானே பரவிக்கொண்டது.

என் கணிப்பில், களாவைத் தனிப்பயிராக நட்டுக் காசு பார்ப்பது கடினம். கூலியே அதைத் தின்றுவிடும். அதன் இடம் வரப்பு. மா, நெல்லித் தோப்புகளின் எல்லையில், கம்பிக்கு உட்புறம் ஒரு வரிசை. வேலிக்கு வேலி, பூக்கும் காலத்தில் தேனீக்கு மேய்ச்சல், ஆடியில் ஊறுகாய்க்குக் காய். இருக்கும் கம்பி இற்றுப்போகும் நாளில் களா நெஞ்சளவு நிற்கும். பறிப்புக் கூலியும் பெரிதாக இராது. வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போக, மிச்சம் சின்னானுக்கு.

கடைசியாக

இத்தனை பக்கமும் பார்த்தபின் களாவின் சொந்த மதிப்பு எது? முள்ளும் புளிப்பும் நறுக்கும்தான். மூன்றும் அதன் இயல்பிலேயே இருப்பவை. ஆய்வுக்கூடமோ விளம்பரமோ ஏற்றிவைத்தவை அல்ல. சேரல் தலையில் ஏறியதும், சுங்கக்கோட்டில் நின்றதும், பாகில் ஊறிச் செர்ரியானதும் இந்த மூன்றின் பலத்தில்தான். மற்றவை நாம் நம் தேவைக்கு மாட்டிவிட்ட வேடங்கள். இதய மருந்து என்பதும் அதிலொன்று.

கிரீம் பன்னில் கிடைத்த அந்த விதையைத் தொட்டியில் ஊன்றிப் பார்த்தேன். முளைக்காது என்று தெரியும். கந்தகத்திலும் பாகிலும் வெந்த விதை. மண் நனைந்ததுதான் மிச்சம். ஆடி பிறந்ததும் சந்தையில் தேடிக் கால்கிலோ களாக்காய் வாங்கினேன். “ஊறுகாய்க்கா, இல்ல விதைக்கா?” என்று கேட்டார் விற்ற அம்மா. இரண்டுக்கும்தான் என்றேன். “அப்போ ரெண்டு பழுத்ததையும் போட்டுக்கிடுங்க. காயில இருக்கிற விதை மொளைக்காது” என்று கூடையின் அடியில் கைவிட்டு, கருத்து மினுங்கிய இரண்டை எடுத்து, எடை போடாமலே பையில் போட்டார்.